தடுப்பூசிப் பட்டியலில் யாருக்கு இடம்? இங்கிலாந்தில் எங்கள் குடும்பத்தின் அனுபவம்

2024 ஆம் ஆண்டு ஒக்டோபரில் என் கணவருக்கு ஒரே அமர்வில், கைக்கு ஒன்றாக, இரண்டு ஊசிகள் போடப்பட்டன. ஒன்று இன்ஃபுளுவென்சாவுக்கு, மற்றையது கோவிட்டுக்கு. அவருக்கு அப்போது வயது 68. நீண்டகாலமாக நீரிழிவு உண்டு. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த ஆண்டு அதே மாதத்தில், அதே நோய்களோடும் ஒரு வயது கூடியவராகவும், அதே மருந்தகத்துக்குப் போனபோது, இன்ஃபுளுவென்சா ஊசி மட்டும்தான் அவருக்கு உண்டு, கோவிட் ஊசிக்கு அவர் தகுதி பெறவில்லை என்று சொல்லிவிட்டார்கள். வயது கூடியிருக்கிறது, நோய் குறையவில்லை, தகுதி மட்டும் எப்படிப் போனது என்று அவர் கேட்டார். அங்கே நின்ற இளம் மருந்தாளரிடம், விதி மாறிவிட்டது என்பதைத் தவிர வேறு பதில் இருக்கவில்லை.

இந்தக் கேள்வியை அந்த இலையுதிர்காலத்தில் இங்கிலாந்து முழுவதும் பலர் கேட்டார்கள். முந்திய ஆண்டு ஊசி பெற்ற 65 முதல் 74 வயதுவரையானோர் வழமைபோல மருந்தகங்களுக்குப் போய்த் திரும்பி வந்த செய்திகள் பத்திரிகைகளிலும் வெளியாகின. எங்கள் வீட்டில் இந்தப் பட்டியல் நான்கு பேரை நான்கு விதமாகத் தொட்டது. வடமேற்கு இலண்டனில் நாங்கள் வாழும் வீட்டில் என் கணவர், 84 வயதான என் அம்மா, 58 வயதான நான் ஆகியோர் இருக்கிறோம். முடக்குவாதம் எனும் மூட்டுநோய்க்கு மருந்து எடுக்கும் என் தங்கை, தன் கணவரோடும் மகனோடும் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதைக் கண்டறிய நான் அலைந்ததில் தெரிந்துகொண்டவற்றை, நம்மவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். இவை இங்கிலாந்துக்குரிய விபரங்கள். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் அழைக்கும் முறையும் ஊசி போடும் இடமும் வேறாக இருக்கலாம்.

முதலில் விதி மாறிய விதத்தைச் சொல்ல வேண்டும். எந்தத் தடுப்பூசியை யாருக்கு இலவசமாகக் கொடுப்பது என்பதில் அரசுக்கு ஆலோசனை சொல்வது ஜே.சி.வி.ஐ. எனப்படும் தடுப்பூசிக் கூட்டுக் குழு. 2024 இலையுதிர்காலத்தில் 65 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும், அதற்குக் குறைந்த வயதில் நீரிழிவு, இதயநோய், சிறுநீரக நோய் போன்றவை உள்ளவர்களுக்கும் கோவிட் ஊசி கிடைத்தது. அதே ஆண்டு நவம்பர் மாதம் 13 ஆம் திகதி இந்தக் குழு வெளியிட்ட ஆலோசனை, 2025 இலையுதிர்காலத்துக்கான பட்டியலை மூன்று பிரிவினராகச் சுருக்கியது: 75 வயதும் அதற்கு மேற்பட்டோரும், முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோர், ஆறு மாதக் குழந்தை முதல் எந்த வயதினராயினும் நோயெதிர்ப்புச் சக்தி நலிந்தவர்கள். நீரிழிவும் இதயநோயும் தனித்த காரணங்களாக இருந்த இடம் அத்தோடு போய்விட்டது. அதற்கு முன்பே, 2023 இலையுதிர்காலத்தில் பட்டியலில் இருந்த பராமரிப்பாளர்களும், நோயெதிர்ப்பு நலிந்தவர்களோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களும் 2024 இல் விலக்கப்பட்டிருந்தார்கள்.

ஆலோசனை வந்தது 2024 நவம்பரில். மக்களுக்கு அது உறைத்தது 2025 ஒக்டோபரில். இடையிலிருந்த ஏறத்தாழ ஒரு வருடத்தில், முந்திய ஆண்டு ஊசி பெற்ற ஒருவருக்கு, "இந்த முறை உங்களுக்கு இல்லை, காரணம் இது" என்று ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்பியிருக்கலாம். என் கணவருக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. அழைப்புக் கடிதம் வராததை, தபால் தாமதம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். எனக்குள்ள முதன்மையான மனக்குறை இதுதான். ஒரு உரிமையைக் கொடுக்கும்போது கடிதம் அனுப்பத் தெரிந்த அமைப்பு, அதை எடுக்கும்போதும் கடிதம் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் அந்தச் செய்தியைச் சொல்லும் பொறுப்பு, விதியை எழுதாத மருந்தாளரின் தலையில் விழுகிறது. கேட்பவரின் கோபமும் அவர் மேலேயே விழுகிறது.

விதிக்குப் பின்னால் உள்ள கணக்கை நான் பொறுமையாக வாசித்துப் பார்த்தேன், அதை முற்றாக நிராகரிக்க என்னால் முடியவில்லை. 2023 ஜனவரியில் இந்தக் குழு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022 இலையுதிர்கால பூஸ்டரால் ஒருவர் வைத்தியசாலைக்குப் போவதைத் தடுக்க, 70 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 800 பேருக்கு ஊசி போட வேண்டும்; 50 முதல் 59 வயதினரில் சுமார் 8,000 பேருக்குப் போட வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் அவசரநிலையைக் கருதிச் செலவைப் பெரிதாகப் பார்க்கவில்லை. இப்போது பெரும்பாலானோருக்குத் தொற்றினாலும் முன்னைய ஊசிகளாலும் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருப்பதால், மற்றத் தடுப்பூசிகளுக்குப் பயன்படுத்தும் அதே செலவு–பயன் அளவுகோலை கோவிட்டுக்கும் பயன்படுத்துகிறார்கள். நலமாக ஒரு வருடம் கூடுதலாக வாழ்வதற்கு ஆகும் செலவு 20,000 பவுணை விஞ்சக் கூடாது என்பது அதன் அடிப்படை. பொதுப்பணத்தில் நடக்கும் ஒரு சேவை இப்படிக் கணக்குப் பார்ப்பது பிழை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு சராசரியை வைத்துக் கோடு போடும்போது அந்தச் சராசரிக்குள் யார் அடங்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நமக்கு, அதாவது தெற்காசியருக்கு, நீரிழிவு வெள்ளையினத்தவரைவிட இளம் வயதிலும் குறைந்த உடல் எடையிலும் வருகிறது. இதை இந்நாட்டு மருத்துவ வழிகாட்டுதல்களே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. உடல் பருமனைக் கணிக்கும் பி.எம்.ஐ. அளவு பொதுவாக 30 ஐத் தாண்டினால் பருமன் என்பார்கள். தெற்காசியருக்கு அந்த எல்லையை 27.5 ஆக, இந்த வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் நிறுவனம் குறைத்திருக்கிறது. ஆனால் தடுப்பூசிக்கு வரும்போது, இன்ஃபுளுவென்சாப் பட்டியலில் உள்ள பி.எம்.ஐ. எல்லை எல்லா இனத்தவருக்கும் ஒரே 40 தான். கோவிட் பட்டியலில் 75 வயது என்ற கோடும் எல்லோருக்கும் ஒன்றுதான். 69 வயதில் நீரிழிவும் இதயநோயும் உள்ள ஒரு யாழ்ப்பாணத்து மனிதரும், அதே வயதில் எந்த நோயும் இல்லாமல் நாளும் ஓடும் இன்னொருவரும் இந்தக் கோட்டுக்கு முன்னால் சமமாகிவிடுகிறார்கள். ஒரு இடத்தில் வேறுபாட்டை ஏற்கும் மருத்துவம் இன்னொரு இடத்தில் அதை மறப்பதற்கு நான் எங்கும் விளக்கம் காணவில்லை.

இனி, நடைமுறையில் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். நம்மவர்களிடம் நான் கண்ட பெரிய குழப்பம், இன்ஃபுளுவென்சா ஊசியையும் கோவிட் ஊசியையும் ஒரே பட்டியலாக நினைப்பது. "உங்களுக்கு ஊசி இல்லை" என்று ஒருமுறை கேட்டதும் இரண்டையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். இன்ஃபுளுவென்சாப் பட்டியல் மிகவும் அகலமானது. 65 வயதும் அதற்கு மேற்பட்டோரும், கர்ப்பிணிகள், நீரிழிவு, இதயம், நுரையீரல், ஈரல், நரம்பு சார்ந்த நாட்பட்ட நோய் உள்ளவர்கள், மூன்றாம் கட்டமும் அதற்கு மேலுமான சிறுநீரக நோயாளிகள், பராமரிப்பு இல்லத்தவர்கள், நோயெதிர்ப்பு நலிந்தவர்களோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள், இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள், பாடசாலையில் பதினோராம் ஆண்டுவரையான (ஏறத்தாழ 16 வயதுவரையான) பிள்ளைகள் எல்லோரும் அதில் அடங்குகிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: ஸ்டீரொய்ட் கலந்த இன்ஹேலரோ ஸ்டீரொய்ட் குளிசையோ எடுப்பவருக்கும், ஆஸ்துமாவால் முன்பு வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டவருக்கும்தான் தகுதி உண்டு, மூச்சு இழுக்கும்போது மட்டும் நீல நிற இன்ஹேலரை எடுப்பவருக்குப் பொதுவாக இல்லை.

என் வயதினருக்கும் ஒரு காலத்தில் இடம் இருந்தது. 50 முதல் 64 வயதுவரையானோரைப் பெருந்தொற்றின்போது 2020 இல் சேர்த்தார்கள். 2023 இலையுதிர்காலத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால் எனக்கு இல்லை என்றே நான் பணிபுரியும் இடத்தில் சொன்னார்கள். ஆனால் அம்மாவைக் குளிப்பாட்டுவதிலிருந்து மருந்து கொடுப்பதுவரை பார்ப்பவள் நான். முதியவர் ஒருவரின் முதன்மைப் பராமரிப்பாளர், பராமரிப்பு உதவித்தொகை பெறாதவராக இருந்தாலும், இன்ஃபுளுவென்சா ஊசிக்குத் தகுதியுள்ளவர். நம் வீடுகளில் மகளும் மருமகளும் செய்யும் இந்த வேலையை யாரும் பராமரிப்பு என்று பெயர் சொல்லி அழைப்பதில்லை. அதனால் பதிவேட்டிலும் அது ஏறுவதில்லை. நான் எங்கள் குடும்ப வைத்தியரின் நிலையத்தில் ஒரு பக்கப் படிவத்தை நிரப்பி, என் மருத்துவப் பதிவில் பராமரிப்பாளர் என்று குறிக்கச் செய்தேன். அதன் பின்னர் ஒவ்வொரு இலையுதிர்காலமும் குறுஞ்செய்தி தானாகவே வருகிறது. வீட்டில் முதியவரையோ இயலாதவரையோ பார்க்கும் ஒவ்வொருவரும் இதை இன்றே செய்யலாம். இதற்கு எந்த வருமான வரம்பும் கிடையாது.

இதில் இன்னொரு சிறு விடயமும் உண்டு. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் போடும் இன்ஃபுளுவென்சா ஊசி, எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருள் சேர்த்த வேறு வகை. வைத்திய நிலையங்களும் மருந்தகங்களும் இரண்டு வகைகளையும் தனித்தனியாக முன்கூட்டியே வாங்கி வைக்கின்றன. "ஊசி முடிந்துவிட்டது" என்று சொன்னால், எந்த வயதினருக்குரியது முடிந்தது என்று கேட்க வேண்டும். என்னோடு வந்த அயலவருக்கு வயது 70. அவருக்கு உடனே கிடைத்தது, எனக்குரியது அடுத்த கிழமைதான் வந்தது.

என் தங்கையின் விடயம்தான் என்னை அதிகம் வருத்தியது. ஏனென்றால் அவளுக்குத் தெளிவான உரிமை இருந்தும் அது மறுக்கப்பட்டது. அவளுக்கு வயது 51. முடக்குவாதத்துக்காகக் கிழமைக்கு ஒருமுறை மெதோட்ரெக்சேட் குளிசையும், இரண்டு கிழமைக்கு ஒருமுறை அடலிமுமாப் ஊசியும் எடுக்கிறாள். இரண்டும் மூட்டுகளைத் தாக்கும் நோயெதிர்ப்பை வேண்டுமென்றே தணிக்கும் மருந்துகள். அடலிமுமாப்பை வைத்தியசாலை நிபுணர்தான் எழுதுகிறார். ஒரு விநியோக நிறுவனம் குளிர்ப்பெட்டியில் வைத்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. பயன்படுத்திய ஊசிகளை மஞ்சள் பெட்டியில் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறாள். இந்தச் சுற்றில் குடும்ப வைத்தியரின் கணினிக்கு எந்த இடமும் இல்லை. கோவிட் ஊசிக்கான அழைப்புகள் மருத்துவப் பதிவுகளைத் தேடி அனுப்பப்படுபவை. பதிவில் அந்த மருந்தின் பெயரே இல்லாதபோது அழைப்பு எப்படி வரும்?

அழைப்பு வரவில்லை என்று அவள் நிலையத்துக்குத் தொலைபேசியில் கேட்டபோது, வரவேற்பில் இருந்தவர், "புற்றுநோய் சிகிச்சை எடுக்கிறீர்களா? உறுப்பு மாற்றம் செய்திருக்கிறீர்களா?" என்று இரண்டு கேள்விகளைக் கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்றதும், அப்படியானால் உங்களுக்குத் தகுதியில்லை என்று முடித்துவிட்டார். தங்கை அதை ஏற்றுக்கொண்டு தொலைபேசியை வைத்துவிட்டாள். எங்கள் குடும்பத்தில் பெரும்பாலானோர் இப்படித்தான். வெள்ளை மேலங்கியோ அலுவலக மேசையோ ஒன்றைச் சொன்னால் அதற்கு மேல் பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

நான் விடவில்லை. தடுப்பூசி போடுவோர் எல்லோரும் பின்பற்றும் வழிகாட்டி நூல் ஒன்று அரசின் இணையத்தளத்தில் யாரும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது. அதைப் பச்சைப் புத்தகம் என்று அழைப்பார்கள். கோவிட் பற்றிய 14ஏ அத்தியாயத்தில், நோயெதிர்ப்பு நலிந்தவர் என்றால் யார் என்ற நீண்ட விளக்கம் அட்டவணையாக இருக்கிறது. கீமோ சிகிச்சை எடுப்போர், உறுப்பு மாற்றம் செய்தோர், எச்.ஐ.வி. உள்ளோர், இரத்தப் புற்றுநோய் வந்தோர் ஆகியோரோடு, அடலிமுமாப் வகையைச் சேர்ந்த மருந்துகள் எடுப்போரும், முடக்குவாதம், லூபஸ், குடல் அழற்சி, சொரியாசிஸ் போன்றவற்றுக்காக நீண்டகால நோயெதிர்ப்புத் தணிப்பு மருந்து தேவைப்படுவோரும் அங்கே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். தங்கை அந்த அட்டவணையில் ஒரு வரியில் அல்ல, இரண்டு வரிகளில் இருந்தாள்.

அந்தப் பக்கத்தை அச்சடித்து, வைத்தியசாலை மூட்டுநோய்ப் பிரிவு கடைசியாக அனுப்பிய கடிதத்தில் மருந்துகளின் பெயர் இருக்கும் பகுதியைக் கோடிட்டு, இரண்டையும் எடுத்துக்கொண்டு, கோவிட் ஊசி போடும் ஒரு மருந்தகத்துக்கு அவளோடு நேரில் போனேன். மருந்தாளர் கடிதத்தை வாசித்தார். ஓரிரு கேள்விகள் கேட்டார். அன்றைக்கே ஊசி போட்டுவிட்டார். நான் வாதாட ஆயத்தமாகப் போயிருந்தேன், வாதமே தேவைப்படவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது அவள் பதிவில் இல்லாத ஒரு தாள் மட்டுமே.

இதிலிருந்து எல்லோரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வைத்தியசாலை நேரடியாகக் கொடுக்கும் மருந்துகளை, "வைத்தியசாலை மட்டும் வழங்கும் மருந்து" என்ற குறிப்போடு குடும்ப வைத்தியரின் பதிவில் சேர்க்க முடியும். வைத்தியசாலைக் கடிதத்தின் பிரதியை இணைத்து எழுத்தில் கேட்டால் நிலையத்தின் மருந்தாளர் அதைச் செய்வார். பின்னர் தேசிய சுகாதாரச் சேவையின் (என்.எச்.எஸ்.) கைபேசிச் செயலியைத் திறந்து, மருந்துப் பட்டியலில் அது ஏறியிருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். இது தடுப்பூசிக்கு மட்டும் உதவும் வேலையல்ல. வேறொரு நோய்க்கு யாராவது புதிய மருந்து எழுதும்போது, ஒன்றுக்கொன்று ஒவ்வாத மருந்துகளைக் கணினி எச்சரிக்க வேண்டுமென்றாலும் அந்தப் பெயர் அங்கே இருக்க வேண்டும்.

தங்கையின் வீட்டிலுள்ள மற்ற இருவரையும் இந்தத் தேடலின்போதுதான் கவனித்தோம். கோவிட் பட்டியலில் வீட்டாருக்கு இப்போது இடமில்லை. இன்ஃபுளுவென்சாப் பட்டியலில் இருக்கிறது. அவளுடைய கணவர் மருந்தகத்திலேயே போட்டுக்கொண்டார். மகனுக்கு வயது 17. பாடசாலைத் திட்டம் பதினோராம் ஆண்டோடு முடிந்துவிடுவதால் அவனுக்குப் பாடசாலையில் இல்லை, வயது 18 ஆகாததால் மருந்தகத்திலும் தயங்கினார்கள். குடும்ப வைத்தியரின் நிலையத்தில்தான் தாயின் நோயைச் சொல்லி அவனுக்கு நேரம் எடுத்தோம். இந்த இரண்டு வருட இடைவெளிக்குள் விழும் பிள்ளைகள் பல வீடுகளில் இருப்பார்கள்.

அம்மாவுக்குக் கோவிட்டும் இன்ஃபுளுவென்சாவும் சிக்கலில்லை. அவருக்கு வீட்டைவிட்டு வெளியே போக முடியாது என்பதை முன்கூட்டியே நிலையத்துக்கு அறிவித்திருந்ததால், தாதி வீட்டுக்கே வந்து போட்டார். இதை ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பரிலேயே நினைவூட்டுவது நல்லது; வீட்டுக்கு வரும் தாதிகளின் ஒழுங்கு அப்போதுதான் தயாராகிறது. அம்மாவுக்கு வந்த ஏமாற்றம் ஆர்.எஸ்.வி. எனப்படும் சுவாசத் தொற்றுக்கான ஊசியில். 2024 செப்டெம்பர் முதலாம் திகதி இங்கிலாந்தில் அது தொடங்கியபோது, 75 வயதை எட்டுபவர்களுக்கும் 79 வயதுவரை உள்ளவர்களுக்கும் மட்டுமே கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு 78 வயது அம்மையாருக்குக் கிடைத்தது. 83 வயதான என் அம்மாவுக்கு இல்லை. "எனக்கு வயது கூடிப்போச்சு எண்டுதானே பிள்ளை விட்டவை?" என்று அம்மா கேட்டார். அவர் நினைத்தது காரணமல்ல என்று விளக்க எனக்கு நேரம் எடுத்தது. பரிசோதனைகளில் 80 வயதைக் கடந்தோர் போதிய அளவில் சேர்க்கப்படாததால், அவர்களிடம் அது எவ்வளவு பயன்தரும் என்ற சான்று அப்போது குறைவாக இருந்தது. சான்று சேர்ந்த பின் 2025 இல் ஜே.சி.வி.ஐ. 80 வயதுக்கு மேற்பட்டோரையும் முதியோர் இல்லத்தவர்களையும் சேர்க்கப் பரிந்துரைத்தது. ஆகவே, ஒருமுறை இல்லை என்ற பதிலை நிரந்தரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டில் 80 கடந்தவர்கள் இருந்தால் ஆர்.எஸ்.வி. பற்றி நிலையத்தில் மறுபடி கேளுங்கள்.

வயதைக் கணக்கிடும் நாள் பற்றியும் சொல்ல வேண்டும். ஊசி போடப் போகும் நாளில் உங்கள் வயது என்ன என்பதைப் பார்ப்பதில்லை. 2025–26 பருவத்தில் கோவிட்டுக்கு 2026 ஜனவரி 31 இல் 75 வயது நிரம்பியிருந்தால் போதும். இன்ஃபுளுவென்சாவுக்கு 2026 மார்ச் 31 இல் 65 நிரம்பியிருந்தால் போதும். கணவரின் நண்பர் ஒருவர் டிசம்பரில் 75 ஆகிறவர், பிறந்தநாள் கழிந்த பிறகு வருகிறேன் என்று ஒத்திவைத்திருந்தார். ஒக்டோபரிலேயே அவருக்கு உரிமை இருந்தது. 2025 இல் இன்ஃபுளுவென்சா வழமையைவிட முன்னதாகவே பரவத் தொடங்கியதால், அந்த இரண்டு மாதங்கள் முக்கியமானவை. வேறொரு மாற்றமும் பலரைக் குழப்புகிறது. முன்பு செப்டெம்பரிலேயே போட்டார்கள். ஊசியின் பாதுகாப்பு மாதங்கள் செல்லச் செல்லக் குறைவதால், குளிர்காலத்தின் உச்சத்தில் அது வலுவாக இருக்க வேண்டும் என்று, பெரியவர்களுக்கு இப்போது ஒக்டோபரில் தொடங்குகிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் மட்டும் செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து உண்டு.

ரொறன்ரோவில் இருக்கும் என் மைத்துனி, "இதென்ன அங்கை இப்பிடி? இங்கை போனால் ஆரெண்டாலும் போடலாமே" என்று கேட்டபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஒன்ராறியோ மாகாணம் 2000 ஆம் ஆண்டிலிருந்தே ஆறு மாதத்துக்கு மேற்பட்ட அனைவருக்கும் இன்ஃபுளுவென்சா ஊசியை இலவசமாகக் கொடுக்கிறது. அதே கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம், 2025 இல் கோவிட் ஊசிக்குப் பெரும்பாலானோரிடம் 100 டொலர் வாங்க முடிவெடுத்தது. ஒரே நாட்டுக்குள்ளேயே கோடு இப்படி இடம் மாறுகிறதென்றால், அந்தக் கோடு மருத்துவத்தால் மட்டும் போடப்படுவதல்ல, யார் செலவை ஏற்பது என்ற அரசியல் முடிவும் அதில் இருக்கிறது என்பது தெளிவு. அதனால்தான் இது பற்றி நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுவது வீண்வேலை அல்ல என்று நினைக்கிறேன். நானும் எழுதியிருக்கிறேன். தெற்காசியருக்கு நீரிழிவோடு வரும் ஆபத்தையும், பட்டியலிலிருந்து நீக்கப்படுவோருக்கு முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பதையும் மட்டும், இரண்டு பத்திகளில் கேட்டிருக்கிறேன்.

கணவருக்கு என்ன செய்தோம் என்று பலர் கேட்டார்கள். 2024 வசந்தகாலத்திலிருந்து இங்கே கோவிட் ஊசியைத் தனியார் முறையில் பணம் கொடுத்துப் போடலாம். பெரிய கடைகளில் 100 பவுணை அண்டிய விலை. சிறிய மருந்தகங்கள் சில அதைவிடக் குறைவாகப் போடுகின்றன. ஒரே நகரில் விலை கடைக்குக் கடை மாறுவதால் நாலு இடத்தில் விசாரிப்பது பயன்தரும். முன்பதிவு செய்யுமுன் மூன்று விடயங்களைக் கேட்டுக்கொண்டோம்: அந்தப் பருவத்துக்குப் புதுப்பிக்கப்பட்ட ஊசிதானா, முந்திய ஊசியிலிருந்து எவ்வளவு இடைவெளி வேண்டும், போட்ட விபரம் அவருடைய மருத்துவப் பதிவுக்குப் போகுமா. இடைவெளி குறைந்தது மூன்று மாதம் என்றார்கள். பதிவுக்குப் போகாது என்று சொன்ன கடையை விட்டு வேறொன்றைத் தெரிவுசெய்தோம். அவருடைய ஓய்வூதியத்தில் அந்தத் தொகை சிறியதல்ல. இருவருக்குமோ நால்வருக்குமோ அப்படிக் கொடுக்க முடியாத வீடுகள்தான் எங்கள் தெருவில் அதிகம். பணம் உள்ளவருக்கு ஊசியும் இல்லாதவருக்குக் காய்ச்சலும் என்ற நிலைக்கு ஒரு பொதுச் சுகாதாரச் சேவை போகக் கூடாது என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

பணம் கட்டுவதற்கு முன், இலவச உரிமை வேறு எந்த வழியிலும் இல்லையா என்று ஒருமுறை உறுதிசெய்வது அவசியம். கணவரின் மருந்துப் பட்டியலை நாங்கள் வரிவரியாகப் பார்த்தோம். நீண்டகாலமாக ஸ்டீரொய்ட் குளிசை எடுப்பவரா, முன்பு எப்போதாவது இரத்தப் புற்றுநோய் வந்தவரா, உடலின் எதிர்ப்பைக் குறைக்கும் வேறு மருந்து ஏதும் உண்டா என்பவையே பார்க்க வேண்டியவை. அவருக்கு ஒன்றும் பொருந்தவில்லை. ஆனால் அதே பட்டியலை வைத்துப் பார்த்தபோது, எங்கள் கோயிலில் தொண்டு செய்யும் 66 வயதான ஒரு அண்ணருக்குப் பொருந்தியது. நுரையீரல் நோய்க்காக அவர் தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல் பிரெட்னிசொலோன் குளிசையை மாதக்கணக்கில் எடுத்து வந்தார். நோயின் பெயரை மட்டும் சொன்னதால் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மருந்தின் பெயரையும் அளவையும் சொன்னதும் போட்டார்கள். கோவிட் பட்டியலைப் பொறுத்தவரை பல வேளைகளில் நோயைவிட மருந்துதான் தீர்மானிக்கிறது. ஆகவே மருந்துப் பெட்டியையோ மருந்துச் சீட்டின் பிரதியையோ கையோடு கொண்டுபோங்கள்.

மறுத்தால் என்ன செய்வது? குரலை உயர்த்தாமல், எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று கேளுங்கள். மருந்தாளருக்குத் தகுதியில்லாத ஒருவருக்கு இலவச ஊசி போட அதிகாரம் கிடையாது. அவரோடு சண்டையிட்டுப் பயனில்லை. தகுதி இருப்பதாக நீங்கள் நம்பினால் கடிதத்தோடு இன்னொரு நிலையத்துக்குப் போகலாம். என்.எச்.எஸ்.ஸின் 119 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்துக் கேட்கலாம். அல்லது குடும்ப வைத்தியரின் நிலைய முகாமையாளருக்கு எழுதி, உங்கள் மருத்துவப் பதிவில் எந்தக் குறிப்பு விடுபட்டிருக்கிறது என்று கேட்கலாம். அங்கும் பதில் வராவிட்டால் உங்கள் பகுதிக்குப் பொறுப்பான சுகாதார வாரியத்துக்கு முறைப்பாடு செய்யலாம். ஆங்கிலம் பேசத் தயங்கும் பெற்றோர் நிலையத்துக்குப் போகும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். அதற்குக் கட்டணம் இல்லை. நேரம் எடுக்கும்போதே அதைச் சொல்ல வேண்டும், போன பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

வசந்தகாலத்தில் கோவிட் ஊசி மறுபடி வரும். 2026 வசந்தகாலத்துக்கும் ஜே.சி.வி.ஐ. அதே மூன்று பிரிவினரைத்தான் சொல்லியிருக்கிறது. அம்மாவுக்குத் தாதியை ஒழுங்குசெய்ய நிலையத்துக்கு எழுதிவிட்டேன். தங்கையின் மருந்து இப்போது அவள் பதிவில் ஏறியிருக்கிறது. இந்த முறை அவளுக்கு அழைப்பு வருகிறதா என்று செயலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வராவிட்டால் அதே கடிதத்தோடு அதே மருந்தகத்துக்குப் போவோம்.